சக்கர நாற்காலியில் இருப்பவரை வீட்டுக்கு அழைத்துச் செல்ல வாகனம் ஒழுங்கு செய்தல்

பாடசாலையிலோ, மண்டபத்திலோ, உறவினர் வீட்டிலோ தங்கியிருந்த நீங்கள் உங்கள் தோட்டத்துக்கு அல்லது புதிய வீட்டுக்குத் திரும்பப் போகிறீர்கள். பாத்திரம், பாய், பிள்ளைகளின் புத்தகம் என்று சாமான்களை ஏற்ற லொறி பேசியாகிவிட்டது. ஆனால் வீட்டில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தால், அவரை எப்படிக் கொண்டு செல்வது என்ற கேள்வி பெரும்பாலும் கடைசி நாளில்தான் வருகிறது. அன்று கிடைக்கும் பதில் இரண்டுதான். ஒன்று, “லொறியின் பின்னால் சாமான்களோடு உட்கார வைப்போம்.” மற்றது, “அவர் இங்கேயே இருக்கட்டும், பிறகு வந்து கூட்டிப் போவோம்.” முதலாவது ஆபத்தானது. இரண்டாவது, அவரைத் தெரிந்தவர் எவருமில்லாத இடத்தில் தனியே விடுவதாகும்.

இரண்டுமே தேவையில்லை. ஒரு கிழமைக்கு முன்னதாக யோசித்தால் பண்டாரவளைப் பகுதியில் கிடைக்கும் சாதாரண வாகனங்களைக் கொண்டே பாதுகாப்பாக அழைத்துச் செல்லலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் நீங்களேயானால், இந்தப் பக்கங்களை நீங்களே வாசித்து, என்ன வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள். உங்கள் உடலைப் பற்றி உங்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

கடைசி நூறு மீற்றரில் இருந்து தொடங்குங்கள்

எல்லோரும் முதலில் வாகனத்தைத் தேடுகிறார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, வாகனம் நின்ற பிறகு வீட்டு வாசல் வரை உள்ள பாதையை. பண்டாரவளையில் இருந்து பூனாகலைக்கோ, அப்புத்தளைக்கோ, தெமோதரைக்கோ பிரதான வீதியில் எந்த வேனும் போகும். வேன் நிற்கும் இடத்துக்கும் லயத்துக்கும் நடுவில் கல்படிகளும் கானும் செங்குத்தான ஒற்றையடிப் பாதையும் இருக்கலாம். எந்த வாகனம் வேண்டும், எத்தனை பேர் துணைக்கு வேண்டும் என்பதை அந்தப் பாதைதான் முடிவு செய்கிறது.

பயணத்துக்கு முன் வீட்டார் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வருவது நல்லது. முடியாவிட்டால், அங்கே ஏற்கெனவே திரும்பிய அயலவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேளுங்கள். பின்வருவனவற்றை எழுதிக்கொள்ளுங்கள்:

- வாகனம் எதுவரை வரும்? மழை பெய்தால் எதுவரை வரும்? முச்சக்கர வண்டி ஏறும் தோட்டத்து ரோட்டில் வேன் திரும்ப இடமில்லாமல் போகலாம்.
- அங்கிருந்து வாசல் வரை எத்தனை படிகள்? அருகே கைபிடிக்க ஏதும் உண்டா?
- கானின் மேல் பலகை அல்லது சிலாப் உண்டா? அது நாற்காலியையும் ஆளையும் தாங்குமா?
- இஸ்தோப்பின் உயரம் எவ்வளவு? கதவு எவ்வளவு அகலம்?
- கழிப்பறைக்குப் போகும் வழி எப்படி?

கதவின் அகலத்தை அளக்கும்போது நாற்காலியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரு பக்கச் சில்லுகளின் வெளிவளையத்தில் இருந்து வெளிவளையம் வரை அளக்க வேண்டும். பெரியவர்களுக்கான சாதாரண நாற்காலி ஏறத்தாழ 2 அடி 2 அங்குலம் இருக்கும். கதவு அதைவிடச் சிறிதென்றால், வாசலில் இருந்து உள்ளே தூக்கிச் செல்ல ஆள் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பயணம் செய்பவரிடம் கேட்க வேண்டியவை

வாகனம் எது என்று தீர்மானிக்க மூன்று விடயங்கள் போதும்.

முதலாவது, அவரால் ஒரு நிமிடமாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க முடியுமா? நிற்க முடிந்தால் எந்த வாகனத்திலும் ஒருவர் துணையோடு ஏறலாம். நிற்க முடியாவிட்டால், இருக்கையின் உயரம் நாற்காலியின் உயரத்துக்குக் கிட்டியதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, முதுகு சாய்ந்து எவ்வளவு நேரம் உட்கார முடியும்? பண்டாரவளை நகரில் இருந்து பக்கத்துத் தோட்டத்துக்கு என்றால் இது பெரிய விடயமல்ல. ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலையில் இருந்தோ கொழும்பில் இருந்தோ வருவதென்றால் ஐந்தாறு மணித்தியாலம் ஆகும்.

மூன்றாவது, நாற்காலி மடியுமா? கால்தாங்கியும் கைத்தாங்கியும் கழருமா? மடியாத நாற்காலி காருக்குள் போகாது. அதற்குத் தனி இடம் வேண்டும்.

எந்த வாகனம் எதற்கு உதவும்

நாற்காலியோடு ஏற்றும் சாய்தளம் பொருத்திய வாடகை வாகனம் ஊவாப் பகுதியில் எளிதில் கிடைக்காது. இருக்கின்ற வாகனங்களின் நன்மை தீமைகள் இவை.

முச்சக்கர வண்டி. குறுகிய தோட்டத்து ரோட்டில் வாசலுக்கு மிக அருகில் வருவது இதுதான். நிற்கவும் பிடித்துக்கொண்டு உட்காரவும் முடிந்தவருக்கு ஏற்றது. இடுப்புக்குக் கீழ் உணர்வு இல்லாதவர் வளைவுகளில் சரிந்து விழக்கூடும். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் உட்கார வேண்டும். நாற்காலியை இன்னொரு வண்டியில் அனுப்புங்கள்.

சிறிய கார். எழுந்து நிற்க முடியாதவருக்குப் பெரும்பாலும் இதுவே இலகு. முன் இருக்கை நாற்காலியின் உயரத்துக்குக் கிட்ட இருக்கும், கதவு அகலத் திறக்கும், இருக்கைப் பட்டி உண்டு. மடித்த நாற்காலி பின்னால் போகும்.

வேன். நீண்ட பயணத்துக்கும், படுத்துக்கொண்டு வர வேண்டியவருக்கும், குடும்பத்தோடு வருவதற்கும் வசதி. ஆனால் தளம் உயரம். முன் இருக்கை இன்னும் உயரம். பக்கக் கதவால் ஏற்ற இரண்டு பேர் வேண்டும்.

“பலகை போட்டுத் தள்ளி ஏற்றிவிடலாம்” என்று சிலர் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். கட்டடங்களில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாக இருக்க வேண்டும் என்பது பொது அளவு. வேனின் தளம் 2 அடி உயரமென்றால் 24 அடி நீளம் வேண்டும். வீட்டில் இருக்கும் 6 அடிப் பலகையை வைத்தால் அது நாலு மடங்கு செங்குத்து. நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். ஆளை இருக்கைக்கு மாற்றி, நாற்காலியைத் தனியே ஏற்றுவதுதான் பாதுகாப்பு.

லொறி, கொழுந்து லொறி, டிரக்டர். இவை சாமானுக்கு. ஆளை நாற்காலியோடு பின்னால் ஏற்றாதீர்கள். நாற்காலியின் தடை அது நிற்கும்போது மட்டுமே பிடிக்கும். வளைவில் லொறி சரியும்போது நாற்காலியும் சரியும்.

பஸ்ஸும் ரயிலும். ஏறும் படி உயரம், நிற்கும் நேரம் குறைவு. ரயிலில் வர வேறு வழியே இல்லையென்றால், ஏறும் நிலையத்திலும் இறங்கும் நிலையத்திலும் நிலைய அதிபரிடம் முதல் நாளே சொல்லி, தூக்கிவிட ஆட்களை ஒழுங்கு செய்யுங்கள்.

வேறு வழியின்றி ஒருவர் நாற்காலியில் இருந்தபடியே வேனில் பயணம் செய்ய நேர்ந்தால், நாற்காலி முன்னோக்கி இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைக்கக் கூடாது. சட்டத்தின் நாலு மூலைகளிலும், லொறியில் சாமான் இறுக்கும் பட்டியால் வாகனத்தின் உறுதியான பாகத்தோடு கட்ட வேண்டும். சில்லில் கட்டக் கூடாது. ஆளுக்குத் தனியாக இடுப்புப் பட்டி வேண்டும். நாற்காலியைக் கட்டியது ஆளைக் கட்டியதாகாது. இப்படிக் கட்ட இடமில்லாத வேன் என்றால் ஆளை இருக்கைக்கு மாற்றியே தீர வேண்டும்.

சாரதியிடம் என்ன பேசுவது

“ஒரு ஆளுக்கு ஏலாது, கொஞ்சம் மெதுவாப் போங்க” என்று மட்டும் சொல்லி வாகனம் பிடித்தால், வந்து பார்த்த சாரதி திரும்பிப் போய்விடவோ கூடுதல் பணம் கேட்கவோ இடமுண்டு. தொலைபேசியிலேயே முழுவதையும் சொல்லிவிடுங்கள். உதாரணமாக:

“அண்ணே, வாற சனிக்கிழமை காலையில ஒரு ஹயர் இருக்கு. எங்க அம்மாவுக்கு எழும்பி நிற்க ஏலாது. சக்கர நாற்காலியில இருக்காங்க. நாற்காலி மடியும், பின்னால வைக்கலாம். நாங்க ரெண்டு பேர் தூக்கி ஏத்துவோம். ஏத்தி இறக்க அரை மணித்தியாலம் ஆகும். கடைசியில தோட்டத்து ரோட்டுல ஒரு கிலோமீற்றர் ஏறணும், வாகனம் ஏறுமா?”

இதில் நாள், ஆளின் நிலை, நாற்காலி, உதவிக்கு ஆள், கூடுதல் நேரம், கடைசி ரோடு ஆகிய ஆறும் வந்துவிடுகின்றன. இதைக் கேட்டும் ஒப்புக்கொள்பவர் வருவார். தயங்கினால் வேறொருவரைத் தேட உங்களுக்கு நாட்கள் இருக்கும்.

பணத்தை முழுத் தொகையாகப் பேசுங்கள். காத்திருக்கும் நேரம், வெறுமனே திரும்பும் தூரம், வழியில் நிறுத்துவது எல்லாம் அதற்குள் அடங்குமா என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். “நாற்காலி இருக்கிறது” என்பதற்காகத் தனிக் கட்டணம் கேட்டால், இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டபின் முடிவு செய்யுங்கள். வாகனத்தின் காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். ஒருவர் சரிவராவிட்டால் கூப்பிட இன்னொருவரின் இலக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாலை மீண்டும் ஒரு முறை அழைத்து உறுதிசெய்யுங்கள்.

யாரிடம் உதவி கேட்கலாம்

வாடகை கொடுக்க வசதியில்லை என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். திரும்பும் குடும்பங்களின் பட்டியல் தயாராகும்போதே, “எங்கள் வீட்டில் சக்கர நாற்காலியில் ஒருவர் இருக்கிறார்” என்று கிராம உத்தியோகத்தரிடமும் எமது கள உத்தியோகத்தரிடமும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தர் இருக்கிறார். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், மாதாந்தக் கொடுப்பனவு போன்றவற்றுக்கும் அவரிடமே விண்ணப்பிக்க வேண்டும். இடம்பெயர்ந்தபோது நாற்காலி உடைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தோட்ட நிருவாகத்திடமும் கேட்கலாம். வாசல் வரை வாகனம் வர ரோட்டுத் தடையைத் திறந்துவிடுவது, விழுந்த மண்ணை ஒதுக்குவது, தூக்க இரண்டு ஆட்களை அனுப்புவது போன்றவை நிருவாகத்தால் செய்யக்கூடியவை. நாள், நேரம் குறிப்பிட்டுக் கடிதமாகக் கொடுத்தால் மறக்கப்படாது.

சட்டம் பற்றி ஒரு சொல். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் 2006 இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் செயலகம், வைத்தியசாலை, வங்கி போன்ற பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களுக்குள் நாற்காலியோடு செல்ல வழி இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே பதிவுக்குச் செல்லும் அலுவலகத்தில் படி மட்டுமே இருந்தால், உத்தியோகத்தரைக் கீழே வந்து படிவம் நிரப்பும்படி கேட்பது தயவு கேட்பதல்ல. தனியாரின் வேனில் இந்த விதிகள் உங்களுக்குச் சாய்தளம் பெற்றுத் தரமாட்டா. அங்கே உங்கள் முன்னேற்பாடுதான் துணை.

பயண நாள்

காலையில் புறப்படுங்கள். மலைநாட்டில் பிற்பகல் மழையும், பெரகலை, அப்புத்தளைப் பக்கத்தில் மூடுபனியும் வழமை. இருட்டில் ஈரப்படியில் ஒருவரைத் தூக்கிச் செல்வது யாருக்கும் நல்லதல்ல.

சாமான் லொறி முன்னால் போகட்டும். அதோடு போகும் இரண்டு பேர் கட்டிலையோ பாயையோ விரித்து, பாதையில் கிடக்கும் கல்லை ஒதுக்கி, கானுக்குப் பலகை போட்டுவிட்டு அழைப்பு எடுக்கட்டும். அதன் பின் நாற்காலியில் இருப்பவரும் அவருக்குப் பழகிய ஒருவரும் புறப்படலாம். இரண்டு பயணமும் ஒரே நாளில் முடிய வேண்டும்.

இருக்கைக்கு மாற்றும் முறை இது:

1. நாற்காலியை இருக்கைக்குச் சற்றுச் சரிவாக, மிக அருகில் நிறுத்துங்கள். இரண்டு தடைகளையும் போடுங்கள்.
2. கால்தாங்கியை விலக்கி, இருக்கைப் பக்கக் கைத்தாங்கியைக் கழற்றுங்கள்.
3. கார் என்றால் முன் இருக்கையை முழுவதும் பின்னால் தள்ளுங்கள்.
4. என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லி, அவர் “சரி” என்ற பின் மூன்று எண்ணித் தூக்குங்கள்.
5. கையை இழுத்தோ கக்கத்தில் பிடித்தோ தூக்காதீர்கள். ஒருவர் பின்னால் உடலையும், மற்றவர் தொடைக்கும் முழங்காலுக்கும் கீழேயும் தாங்க வேண்டும்.
6. தலை மேலே இடிபடாமல் ஒருவர் கை வைத்துக்கொள்ளட்டும். பட்டியைப் போடுங்கள்.

நாற்காலியை மடித்து இறுகக் கட்டுங்கள். கழற்றிய கால்தாங்கிகளை ஒரு உரப்பையில் போட்டு, கையோடு வைத்திருங்கள். சாமான் லொறியில் போட்டால் தேடிக் கண்டுபிடிக்க நாளாகும்.

உணர்வில்லாத உடலில் அழுத்தப் புண் வலிக்காமலே வரும். வழமையாக உட்காரும் மெத்தையை வாகன இருக்கையிலும் போடுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை உடலைச் சற்றுத் தூக்கியோ ஒரு பக்கம் சாய்த்தோ அழுத்தத்தைக் குறையுங்கள். சட்டைப்பையில் சாவி, நாணயம் வைத்தபடி உட்கார வேண்டாம். சிறுநீர்ப் பை போட்டிருப்பவருக்குப் புறப்படும் முன் அதை வெறுமையாக்குங்கள். வழியில் சிறுநீர் வருமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் வருவது நல்லதல்ல. எங்கே நிறுத்துவது என்று சாரதியிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மருந்து, வைத்தியசாலைக் குறிப்பேடு, மாற்றுத் துணி, ஒரு படங்கு அல்லது பிளாஸ்டிக் விரிப்பு ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.

படிகளில் தூக்கும்போது

ஆளோடு நாற்காலியைப் படியில் கொண்டு போவதானால் ஏறும்போதும் இறங்கும்போதும் நாற்காலியின் முதுகு மேல்படியின் பக்கமே இருக்க வேண்டும். பின்னால் ஒருவர் தள்ளும் கைப்பிடியையும், முன்னால் ஒருவர் சட்டத்தையும் பிடிக்கட்டும். கழரும் கைத்தாங்கியையும் கால்தாங்கியையும் சில்லையும் பிடிக்கக் கூடாது. பாதி வழியில் அவை கையோடு வந்துவிடும். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று போங்கள். படி ஈரமாகவோ நீளமாகவோ இருந்தால் நாலு பேர் வேண்டும். லயத்து இளைஞர்கள் ஓடிவந்து உதவுவார்கள். ஆர்வத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல், ஒருவர் மட்டும் சொல்ல மற்றவர்கள் கேட்பது நல்லது. அந்த ஒருவர் நாற்காலியில் இருப்பவராகவே இருக்கலாம்.

வீடு சேர்ந்த பிறகு

சாரதியின் இலக்கத்தைத் தூக்கி எறியாதீர்கள். இந்தப் பாதையும் உங்கள் வீட்டாரின் நிலையும் தெரிந்தவர் இப்போது அவர்தான். தியத்தலாவை, பதுளை வைத்தியசாலைகளின் கிளினிக் நாட்களுக்கு அவரையே பேசிவைக்கலாம். ஒரே கிளினிக்குக்குப் போகும் இரண்டு வீட்டார் சேர்ந்தால் வாடகை பாதியாகும். திடீர் நோய்க்கு 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டியை இலவசமாக அழைக்கலாம். அது அவசரத்துக்கு மட்டும். அழைக்கும்போது வண்டி எதுவரை வரும், அங்கே யார் காத்திருப்பார் என்பதையும் சொல்லுங்கள்.

இந்த ஏற்பாடு இன்னொரு நாளுக்கும் வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து உண்டென்று முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து குடும்பங்கள் வெளியேறின. கால் உள்ளவர்கள் ஓடித் தப்பலாம். படியில் நாலு பேர் தூக்க வேண்டிய ஒருவருக்கு ஓடும் நேரம் கிடையாது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளில் விடுக்கிறது. மஞ்சள் நிறம் அவதானமாக இருங்கள் என்பது. செம்மஞ்சள் வெளியேறத் தயாராகுங்கள் என்பது. சிவப்பு உடனே வெளியேறுங்கள் என்பது. சக்கர நாற்காலி உள்ள வீட்டார் சிவப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது. மஞ்சளில் சாரதிக்கும் தூக்க வரும் அயலவருக்கும் சொல்லிவையுங்கள். செம்மஞ்சளில் புறப்பட்டுவிடுங்கள். வீண் பயணமாகிப் போனாலும் நட்டம் ஒரு ஹயர் பணம்தான். சுவரில் வெடிப்பு, சாயும் மரம், புதிதாகக் கசியும் அல்லது கலங்கிவரும் ஊற்றுநீர் கண்டால் எந்த எச்சரிக்கைக்கும் காத்திராமல் வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

புறப்படும் முன் ஒரு முறை பாருங்கள்

- வீட்டுப் பாதையைப் பார்த்தாயிற்றா? கதவையும் நாற்காலியையும் அளந்தாயிற்றா?
- சாரதிக்கு ஆறு விடயங்களையும் சொல்லியாயிற்றா? தொகை எழுதியாயிற்றா?
- ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் தூக்க ஆள் உண்டா?
- மெத்தை, மருந்து, கால்தாங்கி கையில் உண்டா?
- மழை வந்தால் எந்த நாளுக்கு மாற்றுவது என்று பேசியாயிற்றா?
- பயணம் செய்பவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவர் சம்மதத்தைக் கேட்டாயிற்றா?

கடைசிக் கேள்விக்கு “இல்லை” என்பது பதிலானால், மற்ற ஏற்பாடுகள் எல்லாம் முடிந்திருந்தாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் அதைப் பேசி முடியுங்கள். திரும்புவது அவருடைய வீட்டுக்கும்தான்.